பம்புக்குக் காத்திருந்த இயந்திரம்

பொழுது விடியும் முன்பே தேக்கா சந்தையை ஒட்டி லாரிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். காய்கறிக் கூடைகளும் தேங்காய் மூட்டைகளும் வாழையிலைக் கட்டுகளும் ஒவ்வொன்றாக இறங்கும். சற்று நேரத்தில் சிராங்கூன் சாலையில் முதல் பேருந்துகள் ஓடத் தொடங்கும். சரக்கு ஏற்றிவரும் லாரிகளில் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. அவற்றின் பக்கத்தில் நிற்கும் கார்களில் பல பெட்ரோலில் ஓடுபவை. பெட்ரோல் நிலையத்திலும் இந்த இரண்டு எரிபொருள்களும் அருகருகேதான் கிடைக்கின்றன. டீசல் என்ற சொல்லை நாள்தோறும் பயன்படுத்துவோரில் பலருக்கு, அது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியாது.

பெட்ரோல் காரையும் டீசல் காரையும் வெளியிலிருந்து பார்த்து வேறுபடுத்துவது கடினம். இரண்டிலும் எரிபொருள் கலன் உண்டு. கலனிலிருந்து எரிபொருளை இயந்திரத்துக்கு அனுப்ப இரண்டிலும் பம்பு உண்டு. ஆகவே, ஒன்றின் பம்பைக் கழற்றி மற்றொன்றில் மாட்டினால் என்ன என்ற கேள்வி வாகனப் பழுதுபார்ப்புக் கற்கும் மாணவர்களுக்கு இயல்பாகவே எழும். அவ்வாறு மாட்டினால் வண்டி ஓடாது, பம்பும் கெட்டுவிடும். இதற்கான காரணம் ரூடால்ஃப் டீசல் என்ற பொறியாளரின் வாழ்க்கைக்குள் இருக்கிறது. உலகமே வியந்த இயந்திரம் ஒன்றை அவர் உருவாக்கினார். ஆனால், அதற்குப் பொருத்தமான ஒரு சிறிய பம்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

ரூடால்ஃப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தை புத்தகம் கட்டுவதிலும் தோற்பொருள்கள் செய்வதிலும் கைதேர்ந்தவர். வீடும் பட்டறையும் ஒன்றாக இருந்த குடும்பத்தில் பணத்துக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். சிறுவன் ரூடால்ஃப் தந்தை செய்த பொருள்களைக் கைவண்டியில் ஏற்றிச் சென்று வாடிக்கையாளர் வீடுகளில் கொடுத்துவருவான். ஓய்வு கிடைக்கும்போது பாரிஸில் இருந்த தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கு ஓடிவிடுவான். அங்கே 18-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட நீராவி வண்டி ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. இயந்திரங்களின் படங்களை வரைந்து பார்ப்பது அவனுக்கு விளையாட்டு.

1870-ஆம் ஆண்டு பிரான்சுக்கும் ஜெர்மானிய நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. பிரான்சில் வாழ்ந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டிய நிலை ஏற்பட்டது. டீசல் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லண்டனுக்குச் சென்றது. அங்கும் வருமானம் போதவில்லை. எனவே, 12 வயதான ரூடால்ஃப், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அந்த உறவினர் ஒரு கணித ஆசிரியர். பெற்றோரைப் பிரிந்து, போர்க்காலத்தில், தன்னந்தனியாக அவன் பயணம் செய்தான். ஆக்ஸ்பர்க்கில் படிப்பே அவனுக்குத் துணையாயிற்று. 14 வயதிலேயே தான் ஒரு பொறியாளர் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான்.

தென்கிழக்காசிய மக்கள் பழங்காலத்தில் நெருப்பு உண்டாக்க ஒரு சிறு கருவியைப் பயன்படுத்தினர். மலாய் மக்களிடமும் அது புழக்கத்தில் இருந்தது. ஒருபக்கம் அடைபட்ட குழாய்க்குள் ஒரு தண்டை ஓங்கி அழுத்தினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி மிகவும் சூடாகும். தண்டின் முனையில் வைத்த பஞ்சு அந்தச் சூட்டிலேயே கனன்று பற்றிக்கொள்ளும். தீக்குச்சியோ தீப்பொறியோ தேவையில்லை. இதே முறையில் இயங்கும் கண்ணாடிக் கருவி ஒன்று ஆக்ஸ்பர்க் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. டீசலின் மனத்தில் பிற்காலக் கண்டுபிடிப்புக்கான விதையை ஊன்றியது அந்தக் கருவிதான் என்று கூறப்படுகிறது.

பள்ளிப் படிப்பில் சிறந்து விளங்கியதால், மியூனிக் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவித்தொகையுடன் படிக்க அவருக்கு இடம் கிடைத்தது. குளிர்பதன இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கார்ல் ஃபான் லிண்ட அங்கே பேராசிரியராக இருந்தார். நீராவி இயந்திரம் எரிபொருளின் வெப்பத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாற்றுவதில்லை என்று அவர் ஒரு வகுப்பில் விளக்கினார். எரிக்கும் நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்கு வீணாகிறது என்ற செய்தி மாணவர் டீசலை உறுத்தியது. இந்த வீணடிப்பைக் குறைக்க வேண்டும் என்று தம் குறிப்பேட்டின் ஓரத்தில் அவர் எழுதிவைத்தார். நச்சுக்காய்ச்சலால் தேர்வை உரிய காலத்தில் எழுத முடியாமல் போனாலும், 1880-இல் மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார்.

படிப்பு முடிந்ததும் லிண்டவின் நிறுவனத்துக்காகப் பாரிஸில் பனிக்கட்டித் தொழிற்சாலையில் பணியாற்றினார். பகலெல்லாம் வேலை, எஞ்சிய நேரத்தில் புதிய இயந்திரம் பற்றிய கணக்குகள். இவ்வாறே ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழிந்தன. அவர் அந்த இயந்திரத்தை விரும்பியதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. நீராவி இயந்திரம் பெரியது, விலை மிகுந்தது. பெரிய ஆலை முதலாளிகளால்தான் அதை வாங்க முடிந்தது. தம் தந்தையைப் போன்ற சிறு பட்டறைக்காரர்கள் ஆலைகளோடு போட்டியிட முடியாமல் நொடித்துப்போவதை டீசல் அறிந்திருந்தார். எளிய தொழிலாளியும் வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய, சிக்கனமான இயந்திரம் வேண்டும் என்பதே அவருடைய கனவு.

1892-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் கருத்துக்குக் காப்புரிமை கேட்டு டீசல் விண்ணப்பித்தார். அதே ஆண்டில்தான் மியூரெக்ஸ் என்ற எண்ணெய்க் கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்து சிங்கப்பூருக்கு மண்ணெண்ணெய் கொண்டுவந்தது. புலாவ் புக்கோம் தீவில் அதற்கெனக் கொள்கலன்கள் கட்டப்பட்டிருந்தன. அன்று மண்ணெண்ணெய் பெரும்பாலும் விளக்கெரிக்கவே பயன்பட்டது. அத்தகைய எண்ணெய்கள் ஒருநாள் கப்பல்களையே செலுத்தும் என்று அப்போது நினைத்தவர்கள் மிகச் சிலரே.

டீசலின் கருத்தைப் புரிந்துகொள்ள, பெட்ரோல் இயந்திரம் இயங்கும் விதத்தை முதலில் அறிய வேண்டும். பெட்ரோல் எளிதில் ஆவியாகும். வழக்கமான பெட்ரோல் இயந்திரத்தில் பெட்ரோல் ஆவியும் காற்றும் முன்பே கலந்து உருளைக்குள் செல்கின்றன. அங்கே மின்சாரத் தீப்பொறி ஒன்று அந்தக் கலவையைப் பற்றவைக்கிறது. டீசல் நினைத்த இயந்திரத்தில் தீப்பொறியே கிடையாது. காற்று மட்டும் உருளைக்குள் செல்லும். பிஸ்டன் அதை மிகக் கடுமையாக அழுத்தும். அழுத்தப்பட்ட காற்று, தன்னுள் வரும் எண்ணெயைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும். சரியாக அந்த நொடியில் எரிபொருளை உள்ளே செலுத்தினால் போதும்; அது தானாகவே எரியும்.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் இந்த முயற்சிக்கு ஆதரவளித்தன. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள முதல் இயந்திரம் உருவாயிற்று. 1893-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள் அதனுள் எரிபொருள் செலுத்தப்பட்டது. அந்த முதல் சோதனையில் செலுத்தப்பட்ட எரிபொருள் பெட்ரோல்தான். அடுத்த நொடியே பேரொலி எழுந்தது. இயந்திரத்தின் மேல் பொருத்தியிருந்த அழுத்தமானி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர்கள் உயிர் பிழைத்தது நற்பேறு. இயந்திரம் தானாக ஓடவில்லை. எனினும், அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும் என்பது அன்று உறுதியாயிற்று.

அடுத்த பிப்ரவரியில் இயந்திரம் ஒரு நிமிடம் தானாக ஓடியது. ஆனால், ஒரு பெரிய சிக்கல் தீரவில்லை. உருளைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் 30 மடங்குக்கும் மேல். ஊதி நிரப்பிய பந்துக்குள் மேலும் காற்றைச் செலுத்த வேண்டுமானால் அதைவிட அதிக வலுவோடு ஊத வேண்டும். அதுபோல, இவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து எண்ணெயை உள்ளே செலுத்த அதைவிட அதிக அழுத்தம் வேண்டும். அந்த எண்ணெயும் சில துளிகளே. அது புகைபோல நுண்ணிய திவலைகளாகச் சிதற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அதே அளவில், அதே நொடியில் செல்ல வேண்டும். அக்காலத்தில் செய்ய முடிந்த சிறு பம்புகள் ஒழுகின, அளவு தவறின.

வேறு வழியின்றி டீசல் ஒரு மாற்று முறையைக் கையாண்டார். மிகுந்த அழுத்தமுள்ள காற்றைத் தனியாக ஒரு கருவியில் சேர்த்துவைத்து, அந்தக் காற்றின் வேகத்தால் எண்ணெயை உருளைக்குள் ஊதச் செய்தார். இம்முறை பலனளித்தது. 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள் பேராசிரியர் ஷ்ரோட்டர் இயந்திரத்தை முறையாகச் சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காடு வேலையாக மாறியது. நீராவி இயந்திரம் தந்ததைப்போல் இது இரு மடங்குக்கும் மேல். மாணவராக இருந்தபோது குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிய ஆசை, 20 ஆண்டுகளுக்குள் நிறைவேறியது.

புகழும் பணமும் ஒன்றாக வந்தன. பல நாட்டு நிறுவனங்கள் இயந்திரத்தைச் செய்யும் உரிமையை விலைகொடுத்து வாங்கின. அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவர் மட்டும் ஒரு மில்லியன் மார்க் கொடுத்தார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசலின் இயந்திரம் முதற்பரிசு பெற்றது. அந்தக் கண்காட்சியில் ஓர் இயந்திரம் கடலை எண்ணெயிலேயே ஓடிக் காட்டியது. நிலக்கரியும் பெட்ரோலியமும் கிடைக்காத நாடுகளில் உழவர்கள் தாங்களே விளைவிக்கும் எண்ணெயால் இயந்திரத்தை இயக்கலாம் என்ற நம்பிக்கை டீசலுக்குப் பிற்காலத்தில் வலுத்தது.

ஆனால், அவருடைய கனவு மட்டும் எட்டாமலே நின்றது. காற்றை அழுத்தி ஊதும் கருவி பெரியது, கனமானது, இயந்திரத்தின் ஆற்றலிலேயே ஒரு பங்கை விழுங்குவது. ஆகவே, டீசல் இயந்திரத்தைப் பெரிய ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் கப்பல்களிலுமே பொருத்த முடிந்தது. சிறு பட்டறைக்காரர்களுக்காக நினைத்த இயந்திரம் பெருமுதலாளிகளிடமே போய்ச் சேர்ந்தது. லாரியில் பொருத்தக்கூடிய சிறிய இயந்திரம் ஒன்றைச் செய்யவும் டீசல் முயன்றார். அது கைகூடவில்லை. இதற்கிடையே பெட்ரோல் கார்கள் உலகெங்கும் பெருகின. சிங்கப்பூர்ச் சாலையில் முதல் மோட்டார் வண்டி 1896-ஆம் ஆண்டே ஓடியது. அது பெட்ரோலில் ஓடிய பென்ஸ் வண்டி.

1912-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செலாண்டியா என்ற டென்மார்க் நாட்டுக் கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் நோக்கிப் புறப்பட்டது. அது டீசல் இயந்திரத்தால் ஓடிய பெரிய சரக்குக் கப்பல். நிலக்கரி எரிக்கத் தேவையில்லாததால் அதில் புகைபோக்கியே இல்லை. புகைபோக்கி இல்லாத கப்பலைத் துறைமுகங்களில் மக்கள் வியந்து பார்த்தனர். சூயஸ் கால்வாயையும் இந்தியப் பெருங்கடலையும் சிங்கப்பூர் நீரிணையையும் கடந்து அது பாங்காக்கை அடைந்தது. நிலக்கரிக் கப்பல்களின் காலம் முடியப்போகிறது என்பதற்கு அந்தப் பயணம் அறிகுறியாக அமைந்தது.

உலகம் டீசலைப் புகழ்ந்த அதே காலத்தில் அவர் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தார். காப்புரிமை பற்றிய வழக்குகள் அவரை அலைக்கழித்தன. நிலம் வாங்குவதிலும் பிற முதலீடுகளிலும் பெரும் பணத்தை இழந்தார். உடல்நலமும் கெட்டது. மியூனிக் நகரில் மாளிகை கட்டி வாழ்ந்தவர் கடனில் மூழ்கியிருக்கிறார் என்பது குடும்பத்தினருக்கே முழுமையாகத் தெரியாது.

1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறி அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். உடன்வந்தவர்களோடு இரவு உணவு உண்டார். மறுநாள் காலையில் எழுப்புமாறு பணியாளரிடம் சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். விடிந்தபோது அறை காலியாக இருந்தது. படுக்கையில் எவரும் உறங்கிய தடம் இல்லை. அவருடைய தொப்பியும் மேலங்கியும் கப்பலின் மேல்தளத்தில் கிடந்தன. பல நாள்களுக்குப் பின் டச்சுப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. அதிலிருந்து எடுக்கப்பட்ட பொருள்கள் தந்தையுடையவை என்று மகன் அடையாளம் காட்டினார். அது விபத்தா, அவரே எடுத்த முடிவா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

அவர் விட்டுச் சென்ற சிக்கலை வேறு பலர் கையில் எடுத்தனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ராபர்ட் போஷ். ஸ்டுட்கார்ட் நகரில் பட்டறை நடத்திவந்த அவர், பெட்ரோல் இயந்திரங்களுக்குத் தீப்பொறி தரும் கருவிகளால் புகழ்பெற்றவர். தீப்பொறியே தேவைப்படாத டீசல் இயந்திரம் பரவினால் அவருடைய வணிகம் குறையக்கூடும். ஆயினும், 1922-இல் டீசல் இயந்திரத்துக்கான பம்பை உருவாக்கும் பணியைத் தொடங்கச் செய்தார். பம்புக்குள் இயங்கும் தண்டுக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியே இருக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் ஒழுகாமல் அழுத்தம் நிற்கும். 5 ஆண்டு உழைப்புக்குப் பின், 1927-இல் அந்தப் பம்பு பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. காற்று ஊதும் பெரிய கருவி தேவையற்றுப் போயிற்று. டீசல் இயந்திரம் லாரிக்குள்ளும் பேருந்துக்குள்ளும் வசதியாக அடங்கியது. 1936-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் டீசல் காரையே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பெட்ரோல் காரின் பம்பும் டீசல் காரின் பம்பும் இடம் மாற முடியாததற்கு இதுவே காரணம். வழக்கமான பெட்ரோல் காரில், கலனுக்குள் இருக்கும் மின்பம்பு எரிபொருளை இயந்திரம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். வெளிக்காற்றைப்போல் சில மடங்கு அழுத்தமே அதற்குத் தேவை. டீசல் இயந்திரத்தின் பம்போ அழுத்தப்பட்ட காற்றை எதிர்த்து எண்ணெயை உள்ளே செலுத்த வேண்டும். இக்கால டீசல் கார்களில் அந்த அழுத்தம் 2,000 மடங்கு வரைகூடச் செல்கிறது. பெட்ரோல் பம்பால் அதை நினைத்தும் பார்க்க முடியாது.

டீசல் பம்பைப் பெட்ரோல் காரில் மாட்டினாலும் துன்பமே. டீசல் எண்ணெய்ப் பசை கொண்டது. பம்பின் உறுப்புகள் ஒன்றோடொன்று உராயும்போது அந்த எண்ணெயே அவற்றைத் தேயாமல் காக்கிறது. பெட்ரோலுக்கு அந்தப் பசை இல்லை. பெட்ரோல் சென்றால் நுட்பமான உறுப்புகள் உரசித் தேயும். உலோகத் துகள்கள் உதிர்ந்து எரிபொருள் குழாய்களை அடைக்கும். டீசல் காரில் தவறிப் பெட்ரோல் நிரப்பினாலும் இதே கேடுதான் நேரும். அப்படி நேர்ந்தால் வண்டியை முடுக்கக்கூடாது. கலனிலுள்ள எரிபொருளை முழுவதும் வெளியேற்ற வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் டீசல் ஊற்றும் குழாய்முனை பொதுவாகப் பெட்ரோல் குழாய்முனையைவிடப் பருமனாக இருப்பதால், பெட்ரோல் காரில் தவறி டீசல் நிரப்புவது கடினம்.

ரூடால்ஃப் டீசலின் இயந்திரம் நன்மையோடு தீமையையும் கொண்டுவந்தது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது. சிங்கப்பூரில் 2025-ஆம் ஆண்டு முதல் புதிய டீசல் கார்களும் டாக்சிகளும் பதிவு செய்யப்படுவதில்லை. மின்சாரப் பேருந்துகளும் சாலைக்கு வந்துவிட்டன. வீணாவதைக் குறைக்க வேண்டும் என்று மாணவர் டீசல் எண்ணியதுபோல, இன்றைய பொறியாளர்கள் தூய்மையான ஆற்றலைத் தேடுகின்றனர்.

ஆயினும், அவர் கனவு கண்ட மாற்றம் அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழித்து ஒரு சிறிய பம்பின் வடிவில் வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் ஒரு லாரி மட்டும் வைத்திருப்பவரும் சிறு வணிகரும் அந்த இயந்திரத்தைத் தம் பிழைப்புக்குப் பயன்படுத்த முடிந்தது. விடியற்காலையில் தேக்கா சந்தையில் காய்கறி இறக்கிவிட்டுப் புறப்படும் ஒவ்வொரு டீசல் லாரியும் அந்தப் புத்தகம் கட்டுபவரின் மகன் விரும்பிய வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.